மீன்தூளும் மீன் எண்ணெயும்: கடலைக் காலி செய்யாமல் தீவனத்துக்கு வாங்குவது எப்படி?

மீன்தூள் மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளிப் பாருங்கள். பழுப்பு நிறம், கருவாட்டு வாசனை, விரலில் ஒட்டும் லேசான எண்ணெய்ப் பசை. அவ்வளவுதான். அது மத்தியா, நெத்திலியா, வளர விட்டிருந்தால் கிலோ முந்நூறு ரூபாய்க்குப் போயிருக்கும் சங்கராவின் குஞ்சா என்று இனி யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மீனை அவித்துப் பிழிந்து உலர்த்தி அரைக்கும்போது முதலில் தொலைவது அதன் பெயர்தான்.

தீவன ஆலையில் கொள்முதல் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிலைத்த கொள்முதல் என்று பெரிதாகப் பேசப்படுவதெல்லாம் கடைசியில் ஒரே வேலைக்குத்தான் வந்து நிற்கும். தொலைந்துபோகும் அந்தப் பெயரை மூட்டையோடு சேர்த்து ஆலை வாசல் வரை கொண்டுவர வேண்டும். சிறிய, நடுத்தரத் தீவன ஆலை நடத்துபவர்களையும், கொடுவா, கடல் விரால் பண்ணைக்குச் சொந்தமாகத் தீவனம் தயாரிப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கம்பெனித் தீவனம் மட்டும் வாங்கும் இறால் விவசாயிகளுக்கும் கடைசியில் ஒரு பகுதி இருக்கிறது.

முதல் படி: எவ்வளவு மீன் சாப்பிடுகிறோம் என்று கணக்குப் போடுங்கள்

பச்சை மீன் நூறு கிலோவை ஆலையில் போட்டால் மீன்தூள் தோராயமாக 22 முதல் 24 கிலோ கிடைக்கும். எண்ணெய் சராசரியாக 5 கிலோ. கொழுப்பு ஏறிய பருவத்தில் எண்ணெய் இதைவிடக் கூடும், முட்டையிட்ட பிறகு பாதியாகவும் குறையும். இந்த இரண்டு எண்களும் தெரிந்தால் போதும், மற்றது பள்ளிக்கூடக் கணக்கு.

ஒரு வனாமி இறால் தீவனத்தில் மீன்தூள் 15 சதவீதம், எஃப்சிஆர், அதாவது ஒரு கிலோ வளரத் தேவைப்படும் தீவனம், 1.4 என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ இறாலுக்கு 1.4 கிலோ தீவனம், அதில் 210 கிராம் மீன்தூள். அதை 0.225 ஆல் (நூறு கிலோ மீனுக்கு 22.5 கிலோ தூள்) வகுத்தால் 930 கிராம் பச்சை மீன். அதாவது கிலோ இறாலுக்குக் கிட்டத்தட்ட கிலோ மீன். அதே தீவனத்தில் மீன் எண்ணெய் 2 சதவீதம் என்றால் 28 கிராம் எண்ணெய், அதற்கு 560 கிராம் மீன். இரண்டையும் கூட்டக் கூடாது. ஒரே மீனிலிருந்துதான் தூளும் எண்ணெயும் வருகின்றன, அதனால் எது பெரிதோ அதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கொடுவாவுக்கு இதே கணக்கைப் போட்டால் படம் மாறும். தூள் 25 சதவீதம், எண்ணெய் 6 சதவீதம், எஃப்சிஆர் 1.6 என்றால், தூளுக்காக 1.78 கிலோ மீன் தேவை, எண்ணெய்க்காக 1.92 கிலோ. ஊன் உண்ணும் மீன்களை வளர்ப்பவர்களுக்கு இடிக்கும் இடம் பெரும்பாலும் எண்ணெய்தான். தூளைக் குறைத்துவிட்டோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டு எண்ணெயை அப்படியே விட்டுவைப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணக்குப் போட்டதும் தெரியும் இன்னொரு விஷயம்: மீனை மிச்சப்படுத்த மிக மலிவான இடம் குளத்தங்கரை. ஆயிரம் டன் தீவனம் போடும் பண்ணைகளில் எஃப்சிஆர் 1.4 இலிருந்து 1.3 க்கு இறங்கினால் அதே இறாலுக்கு 70 டன்னுக்கு மேல் தீவனம் குறையும். அதில் சுமார் 10 டன் மீன்தூள், கடல் கணக்கில் 47 டன் மீன். தீவனம் மிஞ்சுகிறதா என்று காட்டும் செக் ட்ரேயை ஒழுங்காகப் பார்ப்பது, குளத்து நீருக்குக் காற்றூட்டும் காற்றாடிகளைச் சரியான நேரத்தில் ஓட்டுவது, மேகமூட்டமான நாளில் தீவனத்தைக் குறைப்பது ஆகியவற்றால் வரும் மிச்சம் அது. எந்தச் சான்றிதழுக்கும் காசு கட்ட வேண்டாம்.

இரண்டாம் படி: விற்பவரிடம் ஐந்து கேள்விகள்

விலையும் புரதமும் கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். என்ன மீன்? எந்தக் கடலில், எந்தத் துறைமுகத்தில் இறங்கியது? எந்த வலை? எந்த மாதம்? முழு மீனா, வெட்டிய மிச்சமா?

‘கலப்பு கடல் மீன்’ என்ற பதில் பதிலே இல்லை. நான் முதலில் இந்தக் கேள்விகளைக் கேட்டபோது சிரித்தார்கள். ‘சார், புரோட்டீன் அறுபது இருக்கு, அப்புறம் மீன் பேர் எதுக்கு?’ என்றார் ஒருவர். மூன்று முறை கேட்ட பிறகு பேட்ச் எண்ணுக்கு எதிரே துறைமுகத்தின் பெயர் வர ஆரம்பித்தது. ஒரு வருடத்தில் மீன்களின் பெயர்களும் வந்தன. ஆலைக்காரர்களிடம் இந்தத் தகவல் இல்லாமல் இல்லை. லாரிக்குக் காசு கொடுக்கும்போது எங்கிருந்து வந்தது என்று எழுதித்தான் வைக்கிறார்கள். அதை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

மாதத்தைக் கேட்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாத நடுவில் ஒருவர் ‘நேற்று அரைத்தது, நம்ம ஊர் விசைப்படகு மீன்’ என்று மாதிரி கொண்டுவந்தால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஒன்று அது பழைய சரக்கு, இல்லையென்றால் திருட்டு மீன்.

வலையிலும் அப்படித்தான். இரண்டு படகுகள் ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடி இழுவை தடை செய்யப்பட்டது. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்துச் சுருக்கும் சுருக்குமடி வலைக்குத் தமிழ்நாட்டின் 12 கடல் மைல் எல்லைக்குள் அனுமதி இல்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் அந்த எல்லைக்கு வெளியே, திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை என்று நிபந்தனை போட்டு அனுமதித்தது. சாளை, அயிலை போன்ற கூட்டமாகத் திரியும் மீன்களில் அரைத்த தூள் வாங்குபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் படி: வெட்டிய மிச்சத்திலிருந்து தொடங்குங்கள்

மீனை மனிதர்கள் சாப்பிட்ட பிறகு மிஞ்சும் தலை, முள், குடல், தோல்தான் முதல் தேர்வு. உலக அளவில் இப்போது மீன்தூளில் சுமார் மூன்றில் ஒரு பங்கும், மீன் எண்ணெயில் ஏறக்குறையப் பாதியும் இப்படித்தான் வருகின்றன. சூரை பதப்படுத்தும் ஆலைகள், மீன் சதையை அரைத்து விழுதாக்கும் சுரிமி ஆலைகள், மீன் வெட்டும் கூடங்கள் எல்லாமே இதற்கு ஊற்று. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனமான சிபா, மீன் சந்தைக் கழிவிலிருந்து குளத்துக்கான ‘பிளாங்டன் பிளஸ்’ என்ற பொருளைத் தயாரித்துக் காட்டியிருக்கிறது. சந்தையில் நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் கூடைக்கு என்ன மதிப்பு என்பதற்கு அது நல்ல சான்று.

ஆனால் மிச்சம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. முள்ளும் தலையும் அதிகம் என்பதால் சாம்பல் கூடும், புரதம் குறையும், பாஸ்பரஸ் ஏறும். அது குளத்துத் தண்ணீரில்தான் போய்ச் சேரும். தீவனக் கலவைக்குச் சூத்திரம் போடுபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எண்ணெயின் தரமும் மீனைப் பொறுத்து மாறும். சூரைத் தலை எண்ணெயில் டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு நிறைய இருக்கும். வியட்நாமின் பாசா எண்ணெயில் ஒமேகா-3 மிகக் குறைவு, அதை மீன் எண்ணெய் என்று எழுதி விற்றாலும் கடல் மீன் எண்ணெயின் வேலையை அது செய்யாது.

இறால் தலைத்தூளை இறாலுக்கே போடுவதில் நோய் அபாயம் இருக்கிறது. வெள்ளைப்புள்ளி நோயில் அடிபட்டவர்களுக்கு இதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பண்ணை மீனின் கழிவை அதே இன மீனுக்குத் தீவனமாகப் போடுவதை ஐரோப்பிய ஒன்றியமும் தடை செய்திருக்கிறது. கடைசியாக, அந்த மிச்சம் எந்த மீனுடையது என்பதையும் பாருங்கள். அழியும் நிலையில் உள்ள இனத்தின் தலையானாலும் அது அந்த இனத்தின் தலைதான்.

நான்காம் படி: முழு மீன் என்றால் அந்தக் கடலின் கதையைப் படியுங்கள்

உலகில் ஒரே இன மீனை நம்பி நடக்கும் மிகப் பெரிய மீன்பிடிப்பு பெரு நாட்டின் அன்சோவேட்டா. நம் நெத்திலிக்குச் சொந்தக்கார மீன். 1970 இல் அங்கே 1.2 கோடி டன்னுக்கு மேல் பிடித்தார்கள். 1973 இல் அது 20 லட்சம் டன்னுக்கும் கீழே விழுந்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததும், அந்தக் கடலைச் சூடாக்கும் எல் நினோவும் ஒன்றாகச் சேர்ந்து அடித்த அடி. அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடங்கள்தான் இன்றைய பெருவின் முறை: ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் இமார்ப்பே என்ற அரசுக் கடல் ஆய்வு நிறுவனத்தின் கப்பல்கள் கடலில் மீன் எவ்வளவு என்று அளக்கும், அதன் பிறகே அரசு ஒதுக்கீடு அறிவிக்கும். 2009 முதல் ஒவ்வொரு படகுக்கும் தனிப் பங்கு. 12 சென்டிமீட்டருக்குக் கீழான குஞ்சுகள் அதிகம் சிக்கும் பகுதியை மூடிவிடுவார்கள்.

2023 இல் இந்த முறை நிஜமாகவே சோதிக்கப்பட்டது. எல் நினோ வந்தது, ஆய்வில் குஞ்சுகளே அதிகம் தெரிந்தன, அந்த ஆண்டின் முதல் பருவத்தையே அரசு ரத்து செய்தது. மீன் எண்ணெய் விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போனது. கொள்முதல்காரர்கள் எல்லோரும் தலையில் கை வைத்தோம். ஆனாலும் பருவத்தை ரத்து செய்யத் துணிந்த நாட்டிடமிருந்துதான் வாங்க வேண்டும் என்பது என் எண்ணம். எந்த ஆண்டும் கதவை மூடாத கடைக்காரரிடம்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இதற்கு நேர் எதிரான கதை வடகிழக்கு அட்லாண்டிக்கில் நடந்தது. நீல வைட்டிங் என்ற மீன் அங்கே நிறையவே இருந்தது. எவ்வளவு பிடிக்கலாம் என்று விஞ்ஞானிகளும் சொல்லிவிட்டார்கள். ஆனால் பங்கு பிரிப்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. அவரவர் பங்கை அவரவரே அறிவித்துக்கொள்ள, மொத்தம் பரிந்துரையைத் தாண்டியது. 2020 டிசம்பர் கடைசியில், நிலைத்த மீன்பிடிப்புக்குக் கொடுக்கப்படும் எம்எஸ்சி சான்று நிறுத்தி வைக்கப்பட்டது. மீன் இருந்தால் மட்டும் போதாது, பிடிக்கிறவர்களுக்குள் ஒப்பந்தமும் வேண்டும்.

நம் பக்கத்துக் கதை மத்தி. நெய்ச்சாளை என்றும் சொல்வார்கள். கேரளாவில் 2012 இல் 3.9 லட்சம் டன் இறங்கிய மீன், 2021 இல் வெறும் 3,297 டன். சமையற்கட்டில் தினம் மணத்த மீன் காணாமல் போனது. கடல் சூடும் மழையும் மாறியது ஒரு காரணம், குஞ்சுகளை வாரியது இன்னொரு காரணம். 10 சென்டிமீட்டருக்குக் கீழான மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று கேரளா சட்டம் போட்டிருக்கிறது. மங்களூரு, மால்பே, ரத்தினகிரி, கோவா பக்கத்து ஆலைகளிலிருந்து மத்தித் தூளோ எண்ணெயோ வாங்குகிறீர்கள் என்றால், அந்த ஆண்டு மத்தியின் நிலை என்ன என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆண்டு மதிப்பீட்டைப் பார்க்காமல் ஒப்பந்தம் போடாதீர்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு: அந்த மீனை அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுகிறார்களா? மேற்கு ஆப்பிரிக்காவில் மொரித்தானியா, செனகல், காம்பியா கரைகளில் சாளை இன மீன்தான் ஏழைகளின் சாப்பாடு. தூள் ஆலைகள் வந்து கூடுதல் விலை கொடுத்து வாங்க ஆரம்பித்ததும், புகைபோட்டு விற்றுப் பிழைத்த பெண்களுக்கு மீன் கிடைக்காமல் போனது. நம் கரையில் கருவாடு போடும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், இதே கதையை வேறு மீன்களின் பெயர் சொல்லிச் சொல்வார்கள்.

ஐந்தாம் படி: கழிசலைத் தனியாகப் பாருங்கள்

இங்கேதான் நம் ஊர்க் கொள்முதல் பெரும்பாலும் இடறுகிறது. காசிமேடு, கடலூர், நாகப்பட்டினம், மண்டபம், தூத்துக்குடி என்று எந்த விசைப்படகுத் துறைக்குப் போனாலும், நல்ல மீன் ஏலம் போன பிறகு ஓரத்தில் ஒரு குவியல் கிடக்கும். காரல், சிறு நண்டு, கணவாய்க் குஞ்சு, பெயர் தெரியாத பொடி மீன். இதுதான் கழிசல். கொஞ்சம் மணலில் காய்ந்து கோழித் தீவனத்துக்கு நாமக்கல் பக்கம் போகும், கொஞ்சம் தூள் ஆலைக்குப் போகும்.

ஒரு காலத்தில் இதைக் கடலிலேயே கொட்டிவிட்டு வந்தார்கள். வீணாகப் போவதைப் பயன்படுத்துவது நல்லதுதானே என்று தோன்றும். சிக்கல் அதன் பிறகு வருகிறது. கழிசலுக்கு நிலையான விலை கிடைக்க ஆரம்பித்தால், டீசல் செலவில் ஒரு பகுதியை அது கட்டிவிடும். நல்ல மீன் குறைந்தாலும் படகு கடலுக்குப் போகும். வலையின் மடிக் கண்ணைப் பெரிதாக்க யாருக்கும் ஆசை வராது, ஏனென்றால் பொடி மீனும் காசு. நாம் வாங்கும் தூளே பொடிக்கண் மடிக்குச் சம்பளம் கொடுக்கிறது.

அதனால் கழிசல் தூளை அடியோடு விட்டுவிட வேண்டுமா? முடிந்தால் விடுங்கள். உடனே முடியாதென்றால் நான் செய்தது இது. ஏலம் நடக்கும் நேரத்தில், ஆலைக்கு லாரி ஏறுவதற்கு முன், குவியலில் ஐந்து இடத்திலிருந்து ஐந்து கிலோ அள்ளச் சொன்னேன். சங்கரா, வஞ்சிரம், கிழங்கான், கணவாய், நண்டு ஆகியவற்றின் குஞ்சுகளை ஒரு பக்கமும், வளர்ந்தாலும் சிறிதாகவே இருக்கும் காரல் போன்றவற்றை இன்னொரு பக்கமும் பிரித்தோம். எடை போட்டோம். மாதம் இரண்டு முறை, ஆறு மாதம். குஞ்சுப் பங்கு எந்தத் துறையில், எந்த மாதத்தில் கூடுகிறது என்று தெளிவாகத் தெரிந்தது. அந்தத் துறையில் அந்த மாதங்களில் வாங்குவதை நிறுத்தினோம். ஆய்வுக்கூடம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு தராசு, ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, மீன் பெயர் தெரிந்த ஒரு அக்கா போதும். அந்த அக்காவுக்குச் சம்பளம் கொடுங்கள், ஓசியில் கேட்காதீர்கள்.

கழிசலில் இன்னொரு ஆபத்து கடலுக்குள் இருக்கும் மனிதர்கள். 2014 இல் தாய்லாந்தின் இறால் தீவனத்துக்கான பொடி மீன் பிடித்த படகுகளில் மியன்மார், கம்போடியத் தொழிலாளர்கள் அடிமைகளாக நடத்தப்பட்ட செய்தி உலகை உலுக்கியது. சட்டவிரோத மீன்பிடிப்பைத் தடுக்கவில்லை என்று 2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்நாட்டுக்கு மஞ்சள் அட்டை, அதாவது முறையான எச்சரிக்கை, காட்டியது. அது நீங்க 2019 ஆகிவிட்டது. தீவனத்தில் இருந்த ஓட்டை ஒரு நாட்டின் ஏற்றுமதியையே பிடித்து ஆட்டியது.

ஆறாம் படி: சான்றிதழைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

மீன்தூள் ஆலைகளுக்கென்றே இருக்கும் சான்று மரின்ட்ரஸ்ட். 2009 இல் வேறு பெயரில் தொடங்கி 2020 இல் இந்தப் பெயருக்கு மாறியது. எம்எஸ்சி மீன்பிடிப்புக்கானது. பண்ணை மீன்களுக்குச் சான்று தரும் ஏஎஸ்சி அமைப்பின் தீவனத் தரநிலை 2023 முதல் நடைமுறையில் இருக்கிறது, தீவன ஆலைக்கானது.

விற்பவர் சான்றிதழை நீட்டினால் மூன்று இடங்களைப் பாருங்கள். முடியும் தேதி. ஆலையின் முகவரி, ஏனென்றால் ஒரே நிறுவனத்துக்கு நாலு ஆலைகள் இருக்கலாம், சான்று ஒன்றுக்குத்தான் இருக்கும். மூன்றாவதுதான் முக்கியம்: எந்த மீனுக்கு, எந்தக் கடல் பகுதிக்கு அனுமதி. மரின்ட்ரஸ்டில் ஒவ்வொரு மூலப்பொருளும் தனித்தனியாக அனுமதி பெற வேண்டும். ஒரு மீனுக்குப் பெற்ற சான்றைக் காட்டி இன்னொரு மீனின் தூளை விற்பது நடக்கிற கதைதான்.

‘மீன்பிடிப்பு மேம்பாட்டுத் திட்டத்தில் இருக்கிறது’ என்பது சான்று பெற்றதாகாது. ஆனால் அதை ஒதுக்கவும் வேண்டாம். கோவா, மகாராஷ்டிரா கரையின் மத்திக்கு அப்படி ஒரு திட்டம் நடந்தது. திட்ட அறிக்கையில் எழுதிய வேலைகள் ஆண்டுக்கு ஆண்டு முடிகின்றனவா என்று பாருங்கள், முடிந்தால் ஆதரியுங்கள்.

சான்று எதுவும் இல்லாத மீனுக்கு, இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் மீன்பிடிப்புகளுக்கான ஃபிஷ்சோர்ஸ் மதிப்பெண்களும், அழியும் நிலையில் உள்ள இனங்களைக் காட்டும் ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலும் முதல் வடிகட்டி.

ஏழாம் படி: சரக்கைச் சோதியுங்கள்

கெட்டுப்போன தூளை இறால் சரியாகத் தின்னாது. எஃப்சிஆர் ஏறும். முதல் படியில் போட்ட கணக்கெல்லாம் பாழ். அதனால் தரச் சோதனையும் கடலைக் காக்கும் வேலைதான்.

ஒரு முறை 62 சதவீதப் புரதம் என்று சான்று காட்டிய ஒரு லாட் வாங்கினோம். எங்கள் ஆய்விலும் 62 வந்தது. குளத்தில் வளர்ச்சி மட்டும் வரவில்லை. பிறகுதான் யூரியா சோதனை செய்தோம். ஆய்வுக்கூடம் நேரடியாகப் புரதத்தை அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஒரு சதவீதம் யூரியா கலந்தாலே காகிதத்தில் கிட்டத்தட்ட 3 சதவீதப் புரதம் ஏறிவிடும். அன்றிலிருந்து யூரியா சோதனை இல்லாமல் லாரி உள்ளே வந்ததில்லை.

அதோடு அமிலத்தில் கரையாத சாம்பல், அதாவது மணல். மணலில் காயப்போட்ட சரக்கை இது காட்டிக்கொடுக்கும், நீராவியில் வேகவைத்து உலர்த்திய தூளில் குறைவாகவே இருக்கும். மீன் அழுகும்போது உண்டாகும் டிவிபிஎன், ஹிஸ்டமின் இரண்டின் அளவும் மீன் ஆலைக்கு வரும்போதே கெட்டுவிட்டதா என்று சொல்லும். ஈரம் 10 சதவீதத்துக்குள். எண்ணெய் காறிப்போனதா என்று பார்க்கப் பெராக்சைடு மதிப்பும் கட்டற்ற கொழுப்பு அமிலமும். ஐரோப்பாவுக்கு இறால் அனுப்புபவர்கள் தூள் காறாமலிருக்கச் சேர்க்கும் எத்தாக்சிகுயின் போட்டிருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், தீவனத்தில் அதற்கான அனுமதியை ஒன்றியம் 2017 இல் நிறுத்திவிட்டது.

எட்டாம் படி: மாற்றை மெதுவாகக் கொண்டுவாருங்கள்

சோயா, கோழிக்கழிவுத் தூள், நொதித்த புண்ணாக்கு, கருப்பு சிப்பாய் ஈயின் புழு, எண்ணெய்க்குப் பதிலாக நுண்பாசி எண்ணெய். எல்லாம் இருக்கின்றன. சோயாவுக்கும் அதன் ஊரில் காடு வெட்டிய கதை உண்டு, அதையும் இதே ஐந்து கேள்விகளோடுதான் வாங்க வேண்டும். மீன்தூளை ஒரேயடியாக வெட்டினால் இறால் தீவனத்தைத் தேடி வராது. 15 இலிருந்து 12, ஒரு பயிர் பார்த்த பிறகு 10 என்று இறங்குங்கள். மெத்தியோனின், லைசின் ஆகிய அமினோ அமிலங்களின் சமநிலையைச் சூத்திரக்காரர் பார்த்துக்கொள்வார். கடல் தூளைக் குஞ்சுப் பருவத் தீவனத்தில் வைத்துக்கொண்டு வளர்பருவத்தில் குறைப்பது பலருக்குக் கைகொடுத்திருக்கிறது. ஆயிரம் டன் தீவனத்தில் 15 இலிருந்து 12 க்கு வந்தால் 30 டன் தூள், கடலில் 130 டன்னுக்கு மேல் மீன் மிஞ்சும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது

மீனின் பெயர், இறங்கிய துறைமுகம், பிடித்த மாதம், வலை ஆகிய நான்கும் ஒவ்வொரு இன்வாய்ஸிலும் பேட்ச் எண்ணோடு வர வேண்டும். வராவிட்டால் பணம் நிறுத்தி வைக்கப்படும் என்று ஒரு வரி. இதற்கு டன்னுக்கு ஒரு தொகையைக் கூடுதலாகக் கொடுக்கத் தயாராக இருங்கள். பெயரைக் காப்பாற்றுவது அவருக்கும் செலவுதான்: தனிக் குவியல், தனி ஓட்டம், தனிக் கிடங்கு. கலந்து அரைத்துவிட்டுக் கணக்கில் மட்டும் பிரித்துக் காட்டும் முறையும் உண்டு. அது ஏமாற்று இல்லை, ஆனால் எது என்று தெரிந்து வாங்குங்கள், அதற்கேற்ற விலை கொடுங்கள்.

கம்பெனித் தீவனம் வாங்கும் விவசாயிக்கு

உங்களால் துறைமுகத்துக்குப் போக முடியாது, சரி. ஆனால் டீலர் ஒவ்வொரு வளர்ப்புப் பட்டம் தொடங்கும்போதும் உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறார். கடன், தள்ளுபடி, காற்றாடி சலுகை எல்லாம் பேசி முடித்த பிறகு, மூட்டையில் உள்ள மீன்தூள் எந்த மீன், எந்தக் கரை என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். முதல் முறை அவர் சிரிப்பார். பக்கத்துக் குளத்துக்காரரையும் அதையே கேட்கச் சொல்லுங்கள். அடுத்த பட்டத்துக்கு வரும்போது அவர் பையில் ஒரு காகிதம் இருக்கிறதா என்று பாருங்கள்.